பரிபூரணம் கொண்டுவந்த பூசணம்

மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையை மாடுகூட விரும்பித் தின்பதில்லை, இன்ஸ்பெக்டர். அதன் நாரை இறுக்கிப் பிடித்திருக்கும் பொருளுக்கு ஹெமிசெல்லுலோஸ் என்று பெயர். சில பூஞ்சைகள் ஒரு நொதியைச் சுரந்து அதைக் கரைத்துவிடும். ராஜபாளையத்தில் எங்கள் கம்பெனி அப்படிப்பட்ட பூஞ்சையை வளர்த்து, நொதியைத் தூளாக்கிக் காகித ஆலைகளுக்கு விற்கிறது. ஆய்வுக்கூடத்துக்கு நான் தலைவன். முனைவர் பட்டம் பெற்றவன். உங்களுக்கும் விளங்கும்படி சொல்லப் பார்க்கிறேன்.

பரிபூரணம் அங்கே பூஞ்சை வளர்க்கும் கண்ணாடித் தட்டு கழுவுகிறவள். சோழபுரத்துக்காரி, எட்டாம் வகுப்பு. போன ஆடியில், டிபன் மூடியில் ஒரு சோளக் கட்டையை ஏந்தி வந்து என் மேஜைமேல் வைத்தாள். ஆய்வுக்கூடத்துக்குள் சாப்பாட்டுப் பாத்திரம் கூடாது என்பதுகூட அவள் புத்தியில் ஏறவில்லை.

"எங்க களத்துல கெடந்துச்சு சார். மத்த கட்டயெல்லாம் கல்லு மாரி கெடக்கு, பூசணம் பூத்த இது மட்டும் நாலே நாள்ல பஞ்சா போச்சு. செத்த பாருங்க."

அவளை அனுப்பிவிட்டுச் சோதித்தேன். ஆறு வருடமாக நான் வளர்த்த வகையைவிட மும்மடங்கு வீரியம். தற்செயல்தான். கோழி கிளறினாலும் ஏதாவது அகப்படும். அந்தப் பூஞ்சைக்கு என் பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டினேன். பிறகு பதினோரு நாள் நானும் சோழபுரத்துக் களங்களில் கட்டைகளைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

முதலாளி ராஜரத்தினம் வந்து எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து சிரித்தாள்.

"அது நான் கொண்டாந்ததுல்லா, மொதலாளி."

குறையாகச் சொல்லவில்லை; சந்தோஷமாகச் சொன்னாள். முதலாளி என் பக்கம் திரும்பி, "அப்படியா?" என்றார்.

மறுநாளே அவளைத் தூள் அடைக்கும் அறைக்கு மாற்றினேன். அந்தத் தூள் சிலருடைய நுரையீரலுக்கு ஆகாது. மூன்றாம் வாரம் டாக்டர் சீட்டோடு வந்து நின்றாள்.

"மூச்சு விட ஏலல சார். இனி அங்க நின்னா உசுருக்கே ஆபத்துன்னுட்டாவ. பழயபடி தட்டு கழுவுதேனே."

"பழகிரும், போ."

சீட்டை நான் வைத்துக்கொண்டேன். அவள் இடுப்பில் இன்ஹேலர் செருகியிருந்தது. வெளிப்பொருள் எதுவும் தூள் அறைக்குள் போகக்கூடாது என்று அன்றே அறிவிப்பு ஒட்டினேன். மறுநாளிலிருந்து அதை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். மேலே ஒரு கேள்வி கேட்கத் தெரியாது அவளுக்கு.

செவ்வாய்க்கிழமை மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும், தூசியை வெளியே இழுக்கும் விசிறியை நிறுத்தினேன். பழுது என்று எழுதிவைத்திருக்கிறேன். பழுது இல்லை. கதவைப் பூட்டியதும் நான்தான். உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டினாள். இன்ஹேலர் என் சட்டைப்பையில் இருந்தது. ஒன்பது நிமிடம் நின்று பார்த்தேன். அவள் கடைசிவரை என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டாள், உதட்டசைவில் தெரிந்தது. பிறகு கதவைத் திறந்து, ஆள்களைக் கூவி அழைத்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அவள் புருஷன் சமுத்திரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்களும் எம்புட்டோ காப்பாத்தப் பாத்திய சார்." ஆமாம் என்று தலையாட்டினேன்.

கொன்றது நான்தான்; கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் காரணம் என்ற இடத்தில் உங்கள் ஏட்டு பொறாமை என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் அடித்துவிடுங்கள். தட்டு கழுவுகிறவளிடம் நான் பொறாமைப்பட என்ன இருக்கிறது.