திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கை

எனக்கு இருபது நிமிடம் என்று சொல்லிவிட்டு இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் அவர்களே! நின்றே நாளைக் கழித்து, நேர்மையாலே பேரை வளர்த்த கடைக்காரப் பெரியவர்களே! வீட்டு வேலையையும் விற்பனை வேலையையும் ஒரே நாளுக்குள் முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைத்த நல்லவர்களே, கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் அதைவிட நல்லவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"நிர்வாக முடிவுகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் எவ்வாறு துணை நிற்கிறது?" இது எனக்குத் தந்த தலைப்பு. தலைப்பைப் படித்த உடனே மூன்றாம் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். வெட்கப்படாதீர்கள் ஐயா, வேலை நேரத்தில் நானே விட்டிருக்கிறேன். ஆகவே, பெருமை பேசாமல், நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். பார்த்தீர்களா, இப்போது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டீர்கள்!

நான் ஒரு ரொட்டித் தொழிற்சாலையின் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பாளன். எங்களுக்குப் பதினான்கு கடைகள். ஒவ்வொரு கடையிலும் பில் போடும் இயந்திரம் உண்டு. எந்த ரொட்டி விற்றது, எத்தனை மணிக்கு விற்றது, மாலையில் எத்தனை மீந்தது, எல்லாம் என் மேசைத் திரைக்கு வந்துவிடும். விற்பனை நன்றாக நடக்கும் கடை பச்சை, நொண்டும் கடை சிவப்பு; மீதிக்கும் தனியே அப்படி ஒரு நிறம். முன்பெல்லாம் முதலாளியம்மா பதினான்கு மேலாளர்களைக் கூட்டி, பதினான்கு விதமாகக் கதை கேட்டு, பாதி நாளைத் தொலைப்பார். பிறகு பத்து நிமிடத்தில் பதில் கிடைத்தது. இதற்கு நான் தலைகால் தெரியாமல் ஆடினேனா? ஆடினேன்!

மீந்த ரொட்டியைக் குறைக்க ஒரு விதியும் எழுதினேன். போன வாரம் ஒரு கடையில் சராசரியாக எவ்வளவு விற்றதோ, இந்த வாரம் அவ்வளவுதான் வண்டியில் ஏறும், ஒன்றுகூட மிகாது. எளிய விதி, இனிய விதி, எல்லோரும் கைதட்டிய விதி.

மருத்துவமனை வாசலில் எங்களுக்கு ஒரு கடை உண்டு. அதன் பொறுப்பாளர் என் சொந்த அக்கா. பத்தொன்பது வருடமாக அந்தக் கடையில் நிற்கிறாள். அவளோடு இரண்டு பெண்கள். சென்ற ஆண்டு அந்த வாசலில் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டினார்கள். மூன்று வாரம் ஆள் நடமாட்டம் இல்லை. நாளுக்கு முந்நூறு விற்ற கடை நூற்று நாற்பதில் வந்து நின்றது. என் விதி கடமை தவறாமல் நூற்று நாற்பது மட்டும் அனுப்பியது. சாலையைச் சரிசெய்துவிட்டார்கள். கடையோ சிவப்பிலேயே கிடந்தது. பகல் இரண்டு மணிக்கு மேல் ஒரு பில்கூட இல்லை.

நானும் பார்த்தேன். பதினோரு வாரம் பார்த்தேன். பிறகு, கடையை மூடலாம், பொறுப்பாளரைத் தொழிற்சாலையில் பொதி கட்டும் பிரிவுக்கு மாற்றலாம், மற்ற இருவரையும் நிறுத்தலாம் என்று அறிக்கை எழுதி முதலாளியம்மா முன்னால் வைத்தேன். அக்கா என்பதற்காகச் சலுகை காட்டாத உத்தமன் அல்லவா நான்!

அந்தம்மா பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடாமல் என்னைப் பார்த்தார்.

"கடைய நேர்ல போய்ப் பாத்தீங்களா தம்பி?"

இல்லை என்றேன். சொந்தக்காரன் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அதனால்தான் போகவில்லை என்று விளக்கினேன்.

"பேசுவாங்கன்னு போகலையா, அக்கா முகத்தப் பாக்கப் பயந்து போகலையா?"

அவையோரே, அந்தம்மா என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பேனாவை மூடிவிட்டார், அறிக்கையைத் திருப்பித் தந்துவிட்டார். அன்று மாலை நான்கு மணிக்குப் போனேன். அந்த மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்க உள்ளே விடும் நேரம் நான்கு. அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரொட்டித் தட்டுகள் துடைத்து அடுக்கியிருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துணுக்கு இல்லை. வாசலில் மட்டும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு தாதி வந்தார், ரொட்டி இல்லை. கைக்குழந்தையோடு ஒருவர் வந்தார், இல்லை. அப்பாவுக்கு மென்மையான ரொட்டிதான் இறங்கும் என்று கேட்டு வந்தார் ஒருவர், அவருக்கும் இல்லை. ஒவ்வொருவர் திரும்பும்போதும் அக்கா குனிந்து ஏதோ எழுதினாள்.

எட்டிப் பார்த்தேன். ரொட்டிப் பெட்டியின் அட்டை மூடி, அதன் உட்புறத்தில் பென்சில் கோடுகள். ஆளுக்கு ஒரு கோடு. அன்றைக்கு மட்டும் நூற்றைத் தாண்டியிருந்தது. மேசைக்கு அடியில் அப்படி ஓர் அடுக்கு மூடிகள்!

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலை உயர்த்தாமல்தான் பதில் சொன்னாள்.

"தினமும் வண்டிக்காரர்கிட்ட சொன்னேன். கம்ப்யூட்டர் சொன்னதத்தான் ஏத்துறோம்னுட்டார். உங்கிட்ட சொல்லலாம்னா, வீட்ல ஆபீஸ் பேச்சே கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட?"

ஆமாம், நான்தான் போட்டேன். ஞாயிறுதோறும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் மூடிகளைப் பற்றி வாய் திறக்கவில்லை, நான் அறிக்கையைப் பற்றி வாய் திறக்கவில்லை. உப்பைத் தள்ளு, தண்ணீரை எடு என்பதோடு சரி. எனக்கு அன்று வந்த வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

இதில் கணினி பொய் சொன்னதா? சொல்லவில்லை. இரண்டு மணிக்கு மேல் விற்பனை இல்லை என்றது, அது உண்மை. மாலையில் மீந்தது பூச்சியம் என்றது, அதுவும் உண்மை. விற்பனைக்குச் சிவப்பும் மீதிக்குப் பச்சையும் ஒரே திரையில், ஒரு விரல் இடைவெளியில் இருந்தன. பதினோரு வாரமும் பூச்சியம் மீதி என்றால் என்ன பொருள்? விற்க ஆள் இல்லை என்பதா, விற்கப் பொருள் இல்லை என்பதா? கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்கவில்லை.

மூடிகளைக் கட்டி எடுத்துப்போய் முதலாளியம்மா மேசையில் வைத்தேன். மூன்று வாரம் பழையபடி முந்நூறு அனுப்புங்கள், பிறகு முடிவு செய்யலாம் என்றார். முதல் நாள் எண்பது மீந்தது. ஏமாந்து திரும்பியவர் மறுநாளே வந்துவிடுவாரா என்ன? இரண்டாம் வாரம் முப்பது மீந்தது. மூன்றாம் வாரக் கடைசியில் மீந்தது ஆறு. கடை நிலைத்தது, அக்காவும் அந்த இரு பெண்களும் அங்கேயே நிற்கிறார்கள்.

இயந்திரத்தைத் தூக்கி எறிந்தோமா? அதுதான் இல்லை! அதில் ஒரு பொத்தானைக் கூட்டினோம். கேட்டவருக்குக் கொடுக்கப் பொருள் இல்லையென்றால், விற்பவர் அதை ஒருமுறை அழுத்த வேண்டும். அவ்வளவுதான். வேறு நான்கு கடைகளும் இதேபோல் வாடியது ஒரே மாதத்தில் தெரிந்தது. இன்னொரு கடையில் அந்தப் பொத்தான் மாதம் முழுவதும் இரண்டே முறை அழுந்தியது. நேரில் போய்ப் பார்த்தோம். பக்கத்து ஆலை இடம் மாறிப் போயிருந்தது, தெருவே காலி. அந்தக் கடையை மூடினோம், மனசாட்சி உறுத்தாமல் மூடினோம்.

ஆகவே அன்பர்களே, கணினி வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். அது காட்டும் கணக்கைப் பாருங்கள், கவனமாகப் பாருங்கள். பார்த்த பிறகு பேனாவைத் திறக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் திரைக்கு வராதவர் யார்? வாங்கியவரை அது எண்ணும், வழங்கியதை அது எண்ணும், வாசல்வரை வந்து வெறுங்கையோடு போனவரை எண்ண அதற்குச் சொல்லிக்கொடுத்தீர்களா?

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். நன்றி சொல்லி முடிக்கிறேன். இந்த அரங்கில் இருநூறு நாற்காலி, நிரம்பிவிட்டது. இருநூறு பேர் வந்தார்கள் என்று நாளை அறிக்கையில் எழுதுவீர்கள், அடுத்த ஆண்டும் இதே அரங்கைப் பிடிப்பீர்கள். பொறுங்கள். வாசல் கதவோரம், கையில் அட்டை மூடியோடும் பென்சிலோடும் ஓர் அம்மா நிற்கிறார், திரும்பிப் பாருங்கள். அவர் என் அக்கா. இடமில்லாமல் திரும்பியவர்களுக்குக் கோடு போடச் சொல்லி நான் கேட்கவில்லை, அவளாகத்தான் நிற்கிறாள்.

அக்கா, எத்தனை?

அறுபத்து மூன்று என்கிறாள். தலைவரே, குறித்துக்கொள்ளுங்கள். அமர்ந்தும் நின்றும் கேட்டவர்களுக்கு என் நன்றி. திரும்பிப் போன அந்த அறுபத்து மூன்று பேருக்கும் என் வணக்கம்.