ஹியூபேட் ஏன் நிற்கவில்லை

1999 செப்டெம்பர் 14, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.10. தமிழில் சொல்லப்பட்டது, தமிழிலேயே எழுதப்பட்டது. எழுதியவர் சார்ஜன்ட் மஜீட்.

என் பெயர் மேபல் ஹியூபேட். வயது 43. கொட்டாஞ்சேனையில் 27/4ஆம் இலக்க வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். பாடசாலைச் சீருடை தைப்பது என் தொழில். சென்ற சனிக்கிழமை காலை சோதனைச் சாவடியில் நிற்காமல் போனதாகப் பிடிக்கப்பட்டு இந்தப் பொலிஸ் நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கும் ஹியூபேட் என் கணவர். அவருக்கு வயது 49. துறைமுகத்தில் கப்பலிலிருந்து சாமான் இறக்கும் வின்ச் இயந்திரத்தை இருபத்திரண்டு வருடம் இயக்கியவர். அவரைத் தடுத்துவைக்கக் கேட்கும் கடிதம் இன்று மாலை மேலிடத்துக்குப் போக இருந்தது என்று எனக்குச் சொல்லப்பட்டது. அது போகக்கூடாது என்பதற்காகவே இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

சென்ற வருடம் நவம்பர் மாதம் என் கணவர் மட்டக்குளியிலிருந்து வரும்போது பஸ் மிதிபலகையிலிருந்து தவறி, நெற்றி விளக்குக் கம்பத்தில் அடிபட விழுந்தார். பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி வார்ட்டில் இருந்தார். வீட்டுக்கு வந்தபோது பேச்சு நன்றாக இருந்தது, கணக்கு நன்றாக இருந்தது, எங்கள் கலியாணத்துக்கு வந்தவர்களின் பெயரைக்கூடச் சொன்னார். எனக்குச் சந்தோஷம். அதன் பின்னர் அவரிடம் இரண்டு வெங்காயம் உரிக்கச் சொன்னேன், கூடை முழுவதையும் உரித்து வைத்தார். பூசையில் நற்செய்திக்கு எழும்பினால் பிரசங்கம் முடியும்வரை தனியாக நின்றார். சட்டையைப் பிடித்து இழுத்தாலும் இருக்கவில்லை. என் தம்பி வின்சன்ற் அதை நடிப்பு என்றான். நான் திமிர் என்று நினைத்தேன். வாய்க்கு வந்தபடி ஏசியும் இருக்கிறேன், அதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பின்னர் ஆஸ்பத்திரி கிளினிக்கில் துண்டு தந்து, வெள்ளவத்தையில் மூளைப் பரிசோதனை செய்யும் திருமதி அருந்ததி வரதராசாவிடம் போகச் சொன்னார்கள். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிடுவோம். அவரிடம் ஊசி இல்லை, மருந்து இல்லை, மேசையில் ஒரு கட்டுச் சீட்டு மட்டும் இருந்தது. சீட்டுகளை நிறத்தின்படி பிரிக்கச் சொன்னார், என் கணவர் பிழையில்லாமல் பிரித்தார். பின்னர் சொல்லாமல் விதியை மாற்றி, இனி நிறம் சரியில்லை என்பதுபோல் "பிழை, பிழை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு வந்தார். என் கணவர் "விளங்குது மிஸ், இப்ப நிறம் இல்ல, உருவம்" என்று தானே சொன்னார். சொல்லிக்கொண்டே சிவப்பைச் சிவப்பின் மேல் வைத்தார். எனக்குக் கோபம் வந்து கத்தினேன். மிஸ் என் கையைப் பிடித்து, "அக்கா, அவருக்குத் தெரியும். தெரியிறது ஒரு வேலை, தெரிஞ்சபடி கையை நிப்பாட்டுறது வேற வேலை. அந்த ரெண்டாவது வேலை நெத்திக்குப் பின்னால இருக்கிற பாகத்திட. அதுதான் அடிபட்டுப் போச்சு" என்றார். ஐந்து மாதமாக யாரும் எனக்குச் சொல்லாத விஷயத்தை அந்த மனுஷி ஒரு சீட்டுக் கட்டை வைத்து ஒரு மணித்தியாலத்தில் காட்டினார். அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வாயால் சொல்லிக் கொடுப்பதில் பலன் குறைவு, தனியாக வெளியில் விடவேண்டாம் என்று மிஸ் சொல்லியிருந்தார். நான் அதைக் கேட்கவில்லை. எங்கள் பகுதியில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் சோதனைச் சாவடியில் சொல்லவேண்டிய சிங்களத்தை மனப்பாடம் செய்துதான் வெளியே இறங்குவோம்: பெயர், விலாசம், எங்கே போகிறது, எப்போது வருகிறது. நானும் என் கணவருக்கு ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை முடிந்த கையோடு அதைச் சொல்லிக் கொடுத்தேன். "நவதின்ன" என்றால் நிற்கவேண்டும் என்பதைச் சிங்களத்திலேயே முழு வசனமாகச் சொல்லப் பழக்கினேன். அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தார். இப்படி ஒப்புவிப்பவர் நிற்காமல் விடுவாரா என்று நம்பி, சனிக்கிழமை காலை பாண் வாங்கத் தனியாக அனுப்பினேன்.

அன்று, இங்கே எனக்குச் சொன்னபடி, பேக்கரிக்குப் போகும் வழியில் புதிதாகப் பீப்பாய் வைத்து மறித்திருந்தார்கள். சிப்பாய் "நவதின்ன" என்று கத்தினார். என் கணவர் அவரைப் பார்த்து, நவதின்ன சொன்னால் நிற்கவேண்டும் என்று நல்ல சிங்களத்தில் சொல்லிக்கொண்டு பீப்பாயைத் தாண்டி நடந்தார். மூன்று தடவை கத்தினார்கள், மூன்று தடவையும் அதையே சொல்லி நடந்தார். அடுத்தது சுடுவதுதான், அதற்கு முன் மற்றச் சிப்பாய் பாய்ந்து விழுத்தியதால் உயிர் தப்பியது. கட்டளை விளங்கியும் நக்கல் செய்தார் என்று சிப்பாய் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சிங்களத்தைச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒன்றும் தெரியாமல் விழித்திருந்தால் சுகமில்லாதவர் என்று விட்டிருப்பார்கள்.

அதன் பின்னர் ஞாயிறு முழுவதும் இந்த வாசலில் நின்றேன். நேற்று வெள்ளவத்தைக்குப் போய் மிஸ்ஸிடம் அழுதேன். சொன்னதைக் கேட்கவில்லையே என்று அவர் ஒரு சொல் சொல்லவில்லை. இன்று காலை தன் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, வழியில் இரண்டு இடத்தில் அடையாள அட்டை காட்டி, பத்து மணிக்கு இங்கே வந்தார். பொறுப்பதிகாரி ஐயாவிடம் சிங்களத்தில் பணிவாகக் கதைத்தார், ஆனால் கெஞ்சவில்லை. பத்து நிமிடம் மட்டும் கேட்டார்.

அதன் பின்னர் என் கணவரைக் கொண்டுவந்து மேசைக்கு முன்னால் இருத்தினார்கள். தான் ஒரு தடவை தட்டினால் இரண்டு தடவை தட்டவேண்டும், தான் இரண்டு தடவை தட்டினால் தட்டவே கூடாது என்று மிஸ் சொன்னார். முதலில் பொறுப்பதிகாரி ஐயாவையே செய்யச் சொன்னார். ஐயா முதலில் ஒரு பிழை விட்டுச் சிரித்தார், பின்னர் ஒன்றும் விடவில்லை. என் கணவர் விதியைத் தமிழிலும் சிங்களத்திலும் சரியாகச் சொன்னார், சொல்லிவிட்டு எல்லாவற்றுக்கும் தட்டினார். நிறுத்தச் சொன்ன பின்னரும் விரல் நிற்கவில்லை. ஐயா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இதை யாரும் நடிக்கலாமே என்றார்.

மிஸ் கோபப்படவில்லை. ஐயா கேட்பது நியாயம், நானும் அதைத்தான் முதலில் யோசிப்பேன் என்றார். பின்னர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, வின்ச்சில நிக்கேக்க இவரை ஆர் நிப்பாட்டுவினம்?" என்று மெதுவாகக் கேட்டார். கப்பல் தட்டில் இரைச்சலுக்கு ஒரு சொல்லும் கேட்காது, சிக்னல்காரர் மூடிய கையைத் தலைக்கு மேலே தூக்கினால் பிரேக் போடவேண்டும் என்று நான் சொன்னேன். திரும்பி வந்தபோது என் கணவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். அவரை நிறுத்தச் சொல்லும்படி மிஸ் ஐயாவிடம் கேட்டார். ஐயா "நவதின்ன!" என்று அறை அதிரச் சொன்னார். என் கணவர் ஆமாம், நிற்கவேண்டும் என்று சொல்லித் தட்டினார். மிஸ் ஒன்றும் பேசாமல் மூடிய கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

என் கணவரின் வலது கை அந்தரத்தில் நின்றது. இடது கை கீழே போய், அங்கே இல்லாத ஒரு நெம்புகோலைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தது. அது வின்ச்சின் பிரேக். பத்து மாதத்துக்குப் பிறகு என் கணவர் நின்றதை நான் கண்டேன். ஐயா எழும்பித் தானே கையைத் தூக்கிப் பார்த்தார், பின்னர் எழுதிக் கொடுத்த அந்தச் சிப்பாயையும் சாவடியிலிருந்து கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார். இரண்டு தடவையும் அதே இடது கை போனது. சிப்பாய் தன் கையை இறக்காமல் நெடுநேரம் நின்றார். மேலிடத்துக்குப் போக இருந்த கடிதத்தை ஐயா மேசை லாச்சிக்குள் வைத்தார்.

வெளியே மிஸ்ஸிடம் இது சரிவரும் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "எனக்கும் தெரியாது அக்கா. பாப்பம் எண்டுதான் தூக்கினனான்" என்றார். இவ்வளவு படித்த ஒருவர் தெரியாது என்பதை இவ்வளவு லேசாகச் சொன்னதை நான் வாழ்க்கையில் மறக்கமாட்டேன்.

சாவடியில் ஷிப்ட் மாறினால் ஆளும் மாறும் என்பதால், இவரை நிறுத்த மூடிய கையைத் தூக்கவேண்டும் என்று சிங்களத்தில் எழுதி முத்திரை வைத்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். அதைச் சட்டைப் பையில் வைக்கமாட்டேன், கை பைக்குள் போனால் சுட்டுவிடுவார்கள் என்று மிஸ் சொன்னார். அடையாள அட்டையோடு கழுத்தில் தொங்கவிடுவேன். இனி அவரைத் தனியாக அனுப்பமாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன். வெங்காயமும் இனி நானே எண்ணிக் கொடுப்பேன். மிஸ் இல்லாவிட்டால் இன்று மாலை என் கணவர்...

இந்த இடத்தில் சார்ஜன்ட் மஜீட் பேனையை வைத்துவிட்டு, மூடிய கையைத் தலைக்கு மேலே தூக்கினார். என்னை நிறுத்தத்தான் தூக்கினார். பக்கத்தில் மேசையைத் தட்டிக்கொண்டிருந்த என் கணவரும் நின்றார், இடது கையால் பிரேக்கை இழுத்தார். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம், நான் அழவும் செய்தேன்.

ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன். எழுதியதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மேபல் ஹியூபேட்