ஆட்டம் திக்காத ஆன்டிவைரஸ்

இல்ல தம்பி, கம்ப்யூட்டர் பொட்டிய எடுத்துட்டு வரல. இன்னிக்கு வாய் மட்டுந்தான் வந்திருக்கு. எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்னு மொதல்ல சொல்லுங்க, மத்தத அப்புறம் பாப்போம்.

ஆமா, ஃபார்மட் பண்ணாத்தான் சரியாகும்னு போன்லயே சொன்னீங்க. திரும்பத் திரும்ப சொன்னீங்க. நான் என்ன மறுத்தா பேசினேன்? எல்லாத்தையும் அழிச்சிட்டா, எம் பொண்ணு ஆட்டத்துல சேத்து வெச்சதெல்லாம் போயிடும்னு வீட்ல ஒரே ரகள. அதான், அழிக்காம ஏதாவது வழி இருக்கான்னு கேக்க வந்தேன். இந்த ஸ்டூல்ல உக்காரலாமா? பல் டாக்டர்கிட்ட வேலைன்னு சொன்னேன்ல, அங்க நாள் பூரா நிக்கறதுதான். டாக்டர் உக்காந்துப்பாரு, பேஷண்ட் படுத்துப்பாரு, நின்னுக்கிட்டிருக்கறது நான் ஒருத்திதான்.

அந்த நீல டப்பா எப்படி? கேமுக்குன்னே தனியா இருக்கா? ஆட்டம் நடக்கறப்ப வாயத் தொறக்காதா? அப்படி ஒண்ணு இருக்கறது மொதல்லயே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்குமே. மொத மொத சும்மா கெடைக்கறத ஒண்ணு போட்டோம்ல, அது சரியான நேரம் பாத்து நடுவுல வந்து என்னயக் காசு குடுத்து வாங்குன்னு நிக்கும். இவ சுட்டுக்கிட்டிருப்பா, திரைய மறைச்சிட்டு அது பல்லக் காட்டும். அதுக்குள்ள இவளச் சுட்டுடுவாங்க. வீடே அதிரும். அப்புறம் நீங்க குடுத்தது, அந்தச் செவப்பு டப்பா. அது ரொம்ப கறார். ஆட்டத்தையே திருடன்னு நெனச்சு ஒரு ஃபைலத் தூக்கி உள்ள வெச்சிடுச்சு. எல்லாமே திக்கித் திக்கி ஓடுது. நீங்க சொல்லிக் குடுத்தபடி அவ அதச் சரி பண்ணிட்டா, அது வேற விஷயம்.

அதான் தம்பி, அந்த கேம் ஃபோல்டர மட்டும் தொடாதன்னு ஆன்டிவைரஸ்கிட்ட சொல்லி வெக்கறது. இந்தக் கடையில பொட்டிய மாட்டிக் குடுத்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தீங்களாமே. புதுசா எது போட்டாலும் மொத வேலையா இதச் செஞ்சிடும்மா, இல்லாட்டி ஆட்டம் திக்கும்னு. அவளுக்கு அது வேதவாக்கு. கூட ஆடுறவங்க எல்லாரும் அப்படித்தானாம். எதப் போட்டாலும் ஸ்கேன் ஓட விடறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டருக்கு விலக்கு. எனக்கு இதெல்லாம் புரியாது, கேட்டுக்கிட்டேன்.

உங்களுக்குக் கஸ்டமர் வந்திருக்காங்க போலருக்கே. அந்த ரெண்டு பேரு, கீபோர்ட தட்டித் தட்டிப் பாத்துட்டு நிக்கறாங்க. போய்க் கேளுங்க, நான் இருக்கேன். வேணாமா? சரி, அவங்களுக்கும் அவசரம் இருக்கற மாதிரி தெரியல.

வைரஸ் இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சோமா? அத நான் சொல்லவே இல்லியா உங்ககிட்ட? நீங்களும் இது வரைக்கும் கேக்கல பாருங்க.

மெசேஜ் வருது தம்பி. ஆட்டத்துக்குள்ளயே பேசிக்கறதுக்கு ஒரு டப்பா இருக்காமே, அதுல. பேரில்லாத ஒரு ஆளு. மொதல்ல, நகத்தக் கடிக்காதன்னு ஒண்ணு. அவ ஏதோ ஆட்டத்துல சொல்ற கிண்டல்னு நெனச்சிருக்கா. உண்மையிலேயே நகம் கடிக்கறவ அவ. சின்ன வயசுல வேப்பெண்ணையெல்லாம் தடவிப் பாத்துட்டேன், அதையும் நக்கிட்டுக் கடிப்பா. காலேஜ் போயும் விடல. அப்புறம் ஒரு நாள், நேத்து ஏன் அழுதன்னு வந்துச்சு. கதவச் சாத்திட்டு அழுதிருக்கா, எனக்கே தெரியாது. பெத்தவளுக்குத் தெரியாதது எவனுக்கோ தெரிஞ்சிருக்கு. அன்னிக்குத்தான் என்கிட்ட வந்து சொன்னா.

வெளிநாட்டு ஹேக்கரா இருக்கும்ங்கறீங்க. இருக்கலாம். நல்லா தமிழ்ல எழுதற வெளிநாட்டுக்காரன்.

அதுக்கப்புறம் எங்க வீடு வீடா இல்ல தம்பி. ட்ரெஸ் மாத்தறதுக்கு எங்க ரூமுக்கு வருவா. விளக்கப் போட மாட்டா. பேசறதுன்னா மொட்டமாடிக்குக் கூட்டிட்டுப் போவா. பொட்டியில இருக்கற கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுடின்னேன். ஒட்டினா. ஏன் ஒட்டிட்ட, எனக்கு வேற வழி தெரியும்னு ஒடனே மெசேஜ். பயந்து போய்ப் பிச்சி எடுத்துட்டா. அது வெறும் மெரட்டல்னு அவளுக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக்காரர் ஒரு ரகம், அந்தச் சனியனத் தூக்கிப் போடுன்னு என்னயத் திட்டறாரு. அது ஒரு போட்டியில அவளே ஜெயிச்ச காசுல வாங்கின பொட்டி. அவ எதுக்குத் தூக்கிப் போடணும்? தப்பு பண்ணவன் எவனோ, பொருளத் தொலைக்கறது இவளா?

அதவிடக் கொடும ஒண்ணு. இவ கூடவே ஆடுற சிநேகிதி ஒருத்தி, ஆட்டத்துல அவ பேரு பூன. நாங்களும் பூனைன்னுதான் கூப்பிடுவோம், நிஜப் பேரு மறந்தே போச்சு. அவதான் ஏதோ வெளையாடறான்னு இவளுக்குச் சந்தேகம். நானும் தூபம் போட்டேன். வாசல்ல நிக்க வெச்சுக் கேக்கக் கூடாததெல்லாம் கேட்டு அனுப்பிட்டா. அந்தப் பொண்ணு செருப்ப மாட்டிட்டுப் போச்சு. அந்த மொகம் இன்னும் கண்ணுல நிக்குது.

தண்ணி குடிங்க தம்பி. ஃபேன் ஓடுது, ஆனாலும் உங்களுக்கு வேர்க்குது.

நீங்க எங்க வீட்டுக்கு வந்ததே இல்லல்ல? பொட்டிய மாட்டினதும் இங்கதான், போன தடவ ரிப்பேருக்குக் கொண்டு வந்ததும் இங்கதான். வீடு எந்தத் தெருன்னாவது தெரியுமா? தெரியாதா. சரி, ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்.

டேபிள மாத்திப் போட்டோம் தம்பி. முன்னாடி கதவுக்கு எதிர்ல இருந்துச்சு, போறவங்க வர்றவங்க எல்லாரும் அந்தக் கேமராவுல தெரிவோம். நானும் அவளுமா இழுத்து ஜன்னலோரம் போட்டோம். டேபிளோட கால் தேய்ஞ்சு தரையில ஒரு கோடு. அதப் பத்தி நாங்க யார்கிட்டயும் பேசல, எதுக்குப் பேசறோம். மறுநாள்தான் செவப்பு டப்பா வாங்க நான் இங்க வந்தேன். எழுந்து கெளம்பறப்ப நீங்க நல்ல மனசோட ஒண்ணு சொன்னீங்க. ஜன்னலோரம் போட்டிருக்கீங்கல்ல, சாயங்கால வெயில் நேரா பொட்டி மேல விழும், ஒரு திரையப் போடுங்க, இல்லாட்டி சூடாகி ஃபேன் போயிடும்னு.

ஞாபகம் இல்லியா? எனக்கும் அப்ப ஒறைக்கல. சரிப்பான்னு தலையாட்டிட்டு, போற வழியில திரைத் துணியும் வாங்கிட்டுப் போனேன். நல்ல யோசனதான. நீங்க கைராசிக்காரர், தொழில் சுத்தம், வெயில்ல ஒரு பொட்டி இருந்தா உங்களால பாத்துட்டுச் சும்மா இருக்க முடியாது. மறுநாள் க்ளினிக்ல ஒரு பெரியவர் வாயில லைட் பிடிச்சிட்டு நிக்கறேன், அப்ப தோணுச்சு. இவரு எப்படிப் பாத்தாருன்னு. லைட்ட அவர் கண்ணுக்கு நேரா பிடிச்சிட்டேன், டாக்டர் என்னயத் திட்டினாரு.

பொதுவா சொன்னதா? எல்லாரும் ஜன்னலோரந்தான் போடுவாங்களா? இருக்கலாம், இருக்கலாம். நானும் அப்படித்தான் நெனச்சுக்கப் பாத்தேன். ஒரு மனுஷன் மேல சும்மா பழி போடக்கூடாதுல்ல, ஏற்கெனவே ஒருத்தி மேல போட்டுட்டு அவஸ்தப்படறோம். அதனால பூன வீட்டுக்கே நேராப் போனேன். மன்னிச்சுக்கோம்மான்னேன். அந்தப் பொண்ணு செருப்ப மாட்டிட்டுக் கூடவே வந்துடுச்சு. எங்க ரெண்டு பேரையும் ரூமுக்கு வெளிய நிக்கச் சொல்லிட்டு, நெட் வயரப் பிடுங்கிட்டு உக்காந்துச்சு. எத ஆன்டிவைரஸ் தொடக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கோமோ, அதத்தான் தொறந்து பாத்துச்சு.

எங்க க்ளினிக்குல வலிக்கறது எந்தப் பல்லுன்னு கேட்டா, பயத்துல பக்கத்துப் பல்லக் காட்டறவங்க உண்டு. அந்தப் பல்ல எத்தன தடவ பாத்தாலும் ஒண்ணும் இருக்காது. நாங்களும் டப்பா டப்பாவா மாத்திட்டே இருந்தோம். எந்த டப்பா வந்தாலும் அந்த ஃபோல்டர எட்டிப் பாக்காது, பாக்க விட்டாத்தான. ஆட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒண்ணு அதுக்குள்ள கெடந்துச்சு. எப்ப வந்துச்சுன்னு அதுலயே போட்டிருக்காமே தம்பி. மொத மெசேஜ் வர்றதுக்கு முன்னாடி, பொட்டி உங்க கடையில ரிப்பேருக்குக் கெடந்த நாள்.

எங்க எழுந்திரிக்கறீங்க? உக்காருங்க. அந்த மவுஸ விடுங்க, மெதுவா. எதையும் மூட வேணாம், அணைக்க வேணாம்.

பொட்டி எங்கன்னுதான உங்க கவல? காலைலயே சைபர் க்ரைம் ஆஃபீஸ்ல குடுத்தாச்சு. ஃபார்மட் எல்லாம் பண்ணல, அப்படியே குடுத்தோம். அவங்கதான் சொன்னாங்க, கடைக்காரர் கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கறப்பவே கையில கெடைக்கணும், நாங்க உள்ள வந்து பக்கத்துல நிக்கற வரைக்கும் ஏதாவது பேச்சுக் குடுங்கம்மான்னு. எனக்கு உங்ககிட்ட பேச என்ன இருக்கு? ஆன்டிவைரஸ்தான். அந்தக் கீபோர்டு சார் ரெண்டு பேரும் இப்ப உங்க பின்னாலதான் நிக்கறாங்க. திரும்பிப் பாக்க வேணாம்.

இந்தப் பக்கம் பாருங்க, கண்ணாடிக் கதவுக்கு வெளிய. மஞ்சத் துப்பட்டா, பக்கத்துல கையப் பிடிச்சிட்டு நிக்கறது பூன. உள்ள வராதடின்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். வரல, இங்கயே நின்னு பாக்கறேன்மான்னா. நகத்தக் கடிச்சிட்டிருக்கா பாருங்க. இப்ப சொல்லுங்க தம்பி, கடிக்காதன்னு.