அம்மா வாசித்துச் சொன்ன ஆறு எண்கள்

மின்னஞ்சல் முகவரியை மாற்றுவது நான்கு நிமிட வேலை, மேடம். நான் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் சேவை மையத்தில் அதற்கு ஆறு நிமிடம் தருவார்கள்; நான் நான்கில் முடித்துவிடுவேன். வேலை மாறியதால் பழைய முகவரி முடங்கிப்போனவர்கள், விவாகரத்துக்குப் பிறகு கணவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் முகவரியைக் கழற்றிவிட நினைப்பவர்கள் என்று ஒரு நாளைக்கு முப்பது பேராவது எனக்குப் போன் செய்வார்கள். கணக்கு அவர்களுடையதுதானா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்வி கேட்பேன். முதலில் படித்த பள்ளி எது, சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட பெயர் என்ன, இப்படி. பிறகு அவர்களுக்கு ஆறு எண்கள் போகும். அதை வாசித்துச் சொன்னால் முடிந்தது. பதினேழு வருடமாக இதைத்தான் செய்கிறேன். என்மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை.

அதனால், அம்மாவின் கணக்கை நான் திருடிவிட்டேன் என்று தம்பி உங்கள் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருப்பது சரியல்ல. திருட்டு வேலையெல்லாம் எனக்குத் தெரியாது. முறைப்படிதான் மாற்றினேன். எண்களை அம்மாவே வாசித்துச் சொன்னாள்.

வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கும் தட்டச்சு செய்ய வசதியாக இருக்கும்.

அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்த நாளிலிருந்து கட்டிலோடு கிடந்தாள். வலது காதருகே போய்ச் சத்தமாகப் பேசினால் கேட்கும். போனில் ஒன்றும் கேட்காது. நாங்கள் இருந்தது மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஓர் அறையில் அம்மா, இன்னொன்றில் நானும் என் கணினியும். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். ஓர் அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் ஓடிப்போய் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பேன். ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். இரண்டு மணிக்கொரு முறை. அம்மாவின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி சரக்குக் கப்பலில் எஞ்சினியர். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா தையல் ஆலையில் இரண்டு ஷிப்ட் பார்த்த காலத்தில் அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது நான். ஆனால் ஆலையிலிருந்து வந்ததும் அம்மா மடியில் தூக்கி வைத்துக்கொள்வது அவனைத்தான். அவன் ராசா. நான் "ஏய், இங்க வா."

அம்மா விழுந்த மூன்றாம் நாள் அவன் கப்பல் ஏற வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுடைய நண்பன், "அம்மாவ யாருடா பாத்துப்பாங்க?" என்று கேட்டான்.

"அக்கா இருக்காளே. அவளுக்கு வேற என்ன வேலை?" என்றான் தம்பி.

நான் மருந்துச் சீட்டோடு பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தான், மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றோடு எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. அவன் நம்பரையும் என் போனில் தடை செய்துவிட்டேன்.

அம்மாவுக்கு மட்டும் எழுதுவான். கப்பலில் முகம் பார்த்துப் பேசும் அளவுக்கு இணையம் வராது, எழுத்து மட்டும் போய் வரும். அதற்காக அம்மாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கி, அதில் ஒரு கணக்கும் தொடங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனான். வாரத்துக்கு இரண்டு கடிதம். இயந்திர அறையின் சூடு, சமையல்காரனின் கோபம், கடலில் பார்த்த பறவை என்று என்னத்தையாவது எழுதுவான். அம்மா அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து முறை படிப்பாள். பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதுவாள். அந்த இரண்டு நாளும் அம்மா முகம் விளக்குப் போட்டதுபோல இருக்கும். மற்ற ஐந்து நாளும் நான் பார்க்கும் முகம் வேறு.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று அம்மாவிடம் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஒரு நாள் காலையில் இரண்டு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "ராசா எழுதியிருக்கான்டி, தண்ணி நெறைய குடிக்கணுமாம். எவ்வளவு கரிசனம் பாரு" என்றாள். நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தேன்.

அப்போதும்கூட நான் ஒன்றும் செய்யவில்லை.

மூன்றாம் மாதம் டேப்லெட்டில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று அம்மா என்னிடம் கொடுத்தாள். பெரிதாக்கும்போது பாதி எழுதி வைத்திருந்த கடிதம் கண்ணில் பட்டது. "உங்க அக்கா பாத்துக்கிறா. கொறை இல்ல. ஆனா அவ கை கரடுமுரடு, மொகத்துல சிரிப்பே கெடையாது. ஜெயில்ல இருக்க மாதிரி இருக்கு. நீ வந்து ஒரு வாய் ஊட்டினா போதும், எந்திரிச்சி ஒக்காந்துருவேன்."

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் கையால்தான் அன்று காலையில் அவளுக்கு மலம் துடைத்திருந்தேன்.

டேப்லெட்டை அம்மாவிடமே கொடுத்துவிட்டு என் அறைக்குப் போனேன். டேப்லெட்டின் பின்னால் தம்பி எழுதி ஒட்டியிருந்த கடவுச்சொல்லைப் போட்டு அம்மாவின் கணக்கை என் போனில் திறந்து, அதோடு இணைந்திருந்த மின்னஞ்சல் முகவரியை எடுத்துவிட்டு நான் புதிதாகத் தொடங்கிய ஒன்றைப் போட்டேன். உறுதி செய்யும் எண்கள் பழைய முகவரிக்கு, அதாவது அம்மாவின் மடியில் இருந்த டேப்லெட்டுக்குப் போயின. நான் போய் அவள் வலது காதருகே குனிந்து, "அம்மா, நம்பர் ஏதாவது வந்திருக்கா? கொஞ்சம் படி" என்றேன்.

"நாலு... ஏழு... ரெண்டு ஒம்போது... இரு, கண்ணாடி நழுவுது... பூச்சியம்... மூணு. எதுக்குடி இது?"

"உனக்கு எழுத்து பெருசா தெரியறதுக்கு."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் வேலையில் அவள் எனக்கு உதவியது அந்த ஒரு முறைதான். பிறகு முகவரி மாறிவிட்டது என்ற அறிவிப்பும் அவளுக்கே போனது. "இத நீங்க செய்யலன்னா இங்க அமுக்குங்கன்னு போட்டிருக்கு. அமுக்கவா?" என்று கேட்டாள். வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் விரலை எடுத்துக்கொண்டாள். கடவுச்சொல்லையும் மாற்றினேன். டேப்லெட்டில் அதே படம், அதே நிறத்தோடு வெறுமையான புதுக் கணக்கு ஒன்றைத் திறந்து வைத்தேன். பழைய கடிதங்கள் எங்கே என்று கேட்டதற்கு, எழுத்தைப் பெரிதாக்கியதில் அழிந்துபோயின என்றேன்; மற்றபடி வித்தியாசமே தெரியாது.

மூன்று வாரம், அதற்குமேல் இல்லை என்றுதான் நினைத்தேன். மூன்று வாரம் அவன் கடிதம் வராவிட்டால், பக்கத்தில் இருப்பது யார் என்று அம்மாவுக்குப் புரியும். அவ்வளவுதான் என் திட்டம். இதைத் திட்டம் என்று சொல்வதுகூட அதிகம்.

ஆனால் பதில் போகாவிட்டால் அவன் யாரையாவது விசாரிப்பான். ஆகவே நான் எழுதினேன். அம்மா எழுதுவதுபோல, புள்ளி இல்லாமல், நடு நடுவே எழுத்து விட்டுப்போய். நன்றாக வந்தது. "காது சுத்தமா போச்சு ராசா கேமராவும் கெட்டுப்போச்சு எழுதினா போதும்" என்று எழுதியதும், துறைமுகத்தில் இறங்கும்போது முகம் பார்க்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அதையும் நிறுத்திவிட்டான். அவனுக்கும் அது சௌகரியமாக இருந்திருக்கும்.

இந்தப் பக்கம் அம்மா தினமும் கேட்டாள். "ராசா எழுதினானா?" "இல்லம்மா." முதலில் அவனுக்காக வாதாடினாள்: நடுக்கடலில் சிக்னல் இருக்காது, வேலை அதிகம். அவள் எழுதிய கடிதங்கள் புதுக் கணக்கிலிருந்து ஒன்றுக்கும் உதவாத ஒரு முகவரிக்குப் போய் விழுந்தன. நான் அவற்றைப் படிப்பதில்லை. ஒரு தடவை படித்ததே போதும் என்றிருந்தது. மூன்று வாரம் முடிந்தது. நான்காம் மாதமும் ஐந்தாம் மாதமும் போயின. ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். இனி என் பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாப்பாடு குறைந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரம்மா உடம்பில் புதிதாக ஒன்றும் இல்லை என்றார். கைப்பையை மாட்டிக்கொண்டே, "யாரையாவது எதிர்பாத்துக்கிட்டு இருக்காங்களா? வரச் சொல்ல முடிஞ்சா சொல்லுங்க. சில பேருக்கு அது மருந்து மாதிரி" என்று கேட்டார்.

"அப்படி யாரும் இல்ல டாக்டர். நான் கூடவேதான் இருக்கேன்" என்றேன்.

ஒன்பதாம் மாதம் அவன் ஒப்பந்தம் முடிந்தது. டிக்கெட் எடுத்துவிட்டேன், பதினான்காம் தேதி உன் பக்கத்தில் இருப்பேன் என்று எழுதியிருந்தான். அந்தக் கடிதம் வந்தபோது நான் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் என் இடுப்பில்தான் இருந்தது. அன்றைக்குப் பார்த்து அம்மா மறுபடி வாயைத் திறந்தாள். "எம்மேல என்னடி கோவம் அவனுக்கு? நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"கோவமெல்லாம் இல்லம்மா. அவனுக்குன்னு ஒரு வாழ்க்கை இருக்குல்ல" என்றேன். அதைவிடப் பக்குவமாக எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிவிட்டு அவனுக்கு எழுதினேன். "இப்ப வராத ராசா உன்ன பாத்துட்டு திரும்ப அனுப்ப எனக்கு தெம்பு இல்ல இன்னும் ஒரு தடவ போயிட்டு ஒரேயடியா வா அதுவரைக்கும் நான் எங்கயும் போயிட மாட்டேன்." அதைப் படித்து அழுதேன் என்று பதில் போட்டான். டிக்கெட்டை ரத்து செய்து ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டான்.

அம்மா பத்தொன்பதாம் தேதி மதியம் போய்விட்டாள். டிக்கெட்டை ரத்து செய்யாமல் இருந்திருந்தால் அவனுக்கு ஐந்து நாள் கிடைத்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், நீங்கள் போட வேண்டாம். அவளை எடுத்துக்கொண்டு போகும்போது டாக்டரம்மாவும் கீழ்வீட்டுத் தம்பதியும் நானும் இருந்தோம். தம்பிக்குச் சொல்லவில்லை. அன்று அவனுக்கு எழுத வேண்டிய நாள். மழை பிடித்துக்கொண்டது, துணி காயவில்லை என்று எழுதினேன்.

அதன் பிறகும் ஐந்து மாதம் எழுதினேன். ஏன் என்று கேட்டீர்கள். நிறுத்துவதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் அம்மா பேசுவதைக் கேட்க முடிந்தது. முன்னைவிட நன்றாகவே பேசினாள்.

எப்படி மாட்டிக்கொண்டேன் என்பதில் மட்டும் எனக்கு வெட்கம்தான். ஊருக்கெல்லாம் அடையாளக் கேள்வி கேட்கிறவள் நான். ஒரு கடிதத்தின் கடைசியில், சும்மா ஞாபகம் வந்ததுபோல, "அஞ்சாங்கிளாஸ் அரைப்பரீட்சையில கணக்குல எனக்கு எவ்வளவு மார்க்குன்னு ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டிருந்தான். நான் யோசிக்கவே இல்லை. "பதினொண்ணு மண்டையில களிமண்ணுதான் அப்ப" என்று எழுதிவிட்டேன். சரியான பதில். ஆனால் அம்மாவுக்கு அது தெரியாது. அவன் பயந்து அழுதான் என்று அந்த ரிப்போர்ட் கார்டில் அம்மாவின் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தவளே நான்தான். அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். தெரியவில்லை என்று எழுதியிருந்தால் இன்னமும் எழுதிக்கொண்டிருப்பேன்.

அடுத்த துறைமுகத்திலேயே கப்பலைவிட்டு இறங்கி, நான்காம் நாள் வாசலில் நின்றான். "அம்மா எங்க?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய் வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டான். அவன் கத்தவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து மெத்தையைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "எனக்கு அப்பவே சந்தேகம்க்கா. அம்மா உன்னப் பத்தி இவ்வளவு நல்லவிதமா ஒரு நாளும் பேசினதே இல்ல."

ஆம் மேடம், முகவரியை மாற்றியது நான். அவனை வரவிடாமல் செய்ததும், அம்மாவை ஏங்க விட்டதும், அவள் செத்ததை மறைத்ததும் நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். என் சொந்தக் கையெழுத்தையே போடுகிறேன்.

ஆனால் தம்பி கடைசியாகச் சொன்னானே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொத்தம் தொண்ணூற்றாறு கடிதங்கள். எதை வேண்டுமானாலும் எடுத்துப் படியுங்கள். அக்கா இல்லாவிட்டால் நான் என்றைக்கோ போயிருப்பேன், அவள் கை பூ மாதிரி, அவளை நான் சரியாக வைத்துக்கொள்ளவில்லை ராசா என்று எத்தனை இடத்தில் வருகிறது என்று பாருங்கள். வழக்கு முடிந்ததும் எனக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். அம்மா என்னைப் பற்றி மனசுவிட்டுச் சொன்னதெல்லாம் அதில்தான் இருக்கிறது.