இடது சுண்டு விரல்

சின்னத்தாயி: கன்னடத்துல எழுதி நீட்டினா நா என்னத்தக் கண்டேன் சார்? படிச்சுச் சொல்லுங்க.

பிராங்க்ளின்: ஒண்ணுமில்லக்கா. உடம்பு முடியல, நானா வேலைய விட்டு நிக்கிறேன்னு இருக்கு. கீழ கைநாட்டு வச்சிட்டீங்கன்னா...

சின்னத்தாயி: எனக்கு உடம்பு நல்லாத்தான இருக்கு?

பிராங்க்ளின்: பேச்சுக்குத்தான்க்கா. வைக்கலன்னா மேனேஜர் முகேஷ் சார் போலீஸுக்கு போன் போட்டுடுவாரு. நான்தான் கால்ல விழாத குறையா நிறுத்தி வச்சிருக்கேன்.

சின்னத்தாயி: எனக்காகவா?

பிராங்க்ளின்: பின்ன? டைம் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு இதுகூடச் செய்யலன்னா எப்படி? எங்க ஆஸ்டின் டவுன் சர்ச்சுல கூட்டுற வேல கேட்டு வைக்கிறேன்.

சின்னத்தாயி: அங்கயும் வெரல் வச்சு அட்டெண்டன்ஸ் போடுற மெஷின் வந்துடுச்சா?

பிராங்க்ளின்: வெளையாடாதீங்கக்கா...

சின்னத்தாயி: சுண்டு வெரல்ல என்ன சார் கட்டு?

பிராங்க்ளின்: இதா... கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு.

சின்னத்தாயி: எப்ப?

பிராங்க்ளின்: ஞாயித்து... இல்ல, திங்கக்கிழமை. அத விடுங்க. இங்க, இந்தக் கோட்டு மேல.

சின்னத்தாயி: இருங்க சார். பதினோரு வருஷம் கூட்டின எடம். அஞ்சு நிமிஷம் பொறுக்க மாட்டீங்களா? என்னதான் போச்சு, இன்னொரு தடவ சொல்லுங்க.

பிராங்க்ளின்: ஸ்டோர்லேர்ந்து செம்புக் கம்பி. ரெண்டு பெட்டி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு பத்துக்குக் கதவு தொறந்திருக்கு. உங்க நம்பர்ல.

சின்னத்தாயி: அன்னிக்கு மருமவளுக்கு வலி கண்டு ஆட்டோல ஏத்திக்கிட்டுப் போனேன். எங்க ஸ்ரீராம்புரத்துல தெருவே பாத்துச்சு.

பிராங்க்ளின்: தெரு சொல்றத யாரு கேக்குறா? அந்தக் கதவு மூணு பேருக்குத்தான் தொறக்கும். மேனேஜர் முகேஷ் சார், ஸ்டோர் பழனிச்சாமி, கூட்டிப் பெருக்குற நீங்க. மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுக்கா.

சின்னத்தாயி: என் வெரலுக்குத் தொறக்குமா அது?

பிராங்க்ளின்: மெதுவாப் பேசுங்க...

சின்னத்தாயி: மெஷின் வந்த அன்னிக்குப் பத்து வெரலையும் தேச்சுத் தேச்சு வச்சேன். ஆசிட்லயும் பினாயில்லயும் ஊறின கை, ரேகையே இல்லன்னீங்க. சாயங்காலத்துக்குள்ள பதியாதவங்க வீட்டுக்குப் போலாம்னு ஆர்டர்...

பிராங்க்ளின்: அழுதீங்க. மனசு கேக்கல. உங்க நம்பர்ல என் இடது சுண்டு வெரலப் பதிஞ்சேன். தினம் ரெண்டு வேளை உங்களுக்கு அட்டெண்டன்ஸ் போட்டேன். காலைல ஸ்டோரும் தொறந்து விட்டேன். தப்பாக்கா அது?

சின்னத்தாயி: தப்புன்னு சொல்லல. வெளக்கு வைக்கிறப்பல்லாம் ஒங்க பேரச் சொல்லிக் கும்பிட்டேன்.

பிராங்க்ளின்: அப்புறம் என்ன... இப்ப அது வெளிய வந்தா ரெண்டு பேருக்கும் வேல போயிடும். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க.

சின்னத்தாயி: வேல போனாப் போவுது. திருடின்னு பேரு வந்தா? அன்னிக்குப் பொறந்த பேத்திய என் கையில யாரு குடுப்பா?

பிராங்க்ளின்: திருட்டுன்னு இதுல எழுதவே இல்லக்கா...

சின்னத்தாயி: கேட்டுல வாட்ச்மேன் முனிராஜ் என் பையக் கொட்டிப் பாத்துட்டான் சார். சோத்து டப்பாவத் தொறந்து பாத்தான். எழுதணுமா என்ன?

பிராங்க்ளின்: அவன் கெடக்கான்க்கா. நீங்க வெரல நீட்டுங்க.

சின்னத்தாயி: நாலு நாளா எனக்கு அட்டெண்டன்ஸே விழல. பயந்து ஓடிட்டேன்னு பேசிக்கிறாங்க. நா தினம் வந்து கூட்டிட்டுத்தான் போறேன்.

பிராங்க்ளின்: கட்டு போட்ட வெரல மெஷின் எடுக்கலக்கா... என்ன பண்ணச் சொல்றீங்க?

சின்னத்தாயி: செம்புக் கம்பிச் சுருள் முனை கத்தி மாதிரி இருக்கும் சார். நானும் ரெண்டு தடவ கிழிச்சுக்கிட்டிருக்கேன்.

பிராங்க்ளின்: அக்கா...

சின்னத்தாயி: நா யாருகிட்டயும் வாயத் தொறக்கல. பாவம், புள்ளக்குட்டிக்காரரு, நீங்களே வந்து சொல்வீங்கன்னு நாலு நாளு பாத்தேன். இன்னிக்குக் கூப்பிட்டீங்க. சொல்லத்தான் கூப்பிடுறீங்கன்னு ஓடி வந்தேன்.

பிராங்க்ளின்: முகேஷ் சார் வர்ற நேரமாச்சு... கெஞ்சிக் கேக்குறேன். இந்தாங்க மை. கைநாட்டு வைங்கக்கா.

சின்னத்தாயி: இந்தக் கம்பெனில சின்னத்தாயி வெரலு என் கையில இல்ல சார். கட்ட அவுங்க. ஞாயித்துக்கிழமை கதவத் தொறந்த அந்தச் சுண்டு வெரலையே மையில தொட்டு வைங்க.