பேச்சி இல்லாத பேச்சுவார்த்தை

தபால் ஆபீசில் முப்பது ஆண்டு முத்திரை குத்தி, இன்று இந்த முச்சந்தி மேடைக்குத் தலைமை தாங்கும் அவைத்தலைவர் ஐயா வெங்கிடாசலம் அவர்களே! அவருக்கு இடப்புறம் வீற்றிருக்கும் கீழைச்சந்துத் தளபதி, மூட்டை தூக்கி முதுகு நிமிர்த்திய முரட்டு அண்ணன் ஒச்சப்பன் அவர்களே! வலப்புறம் அமர்ந்து, அவர் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று கூரையைப் பார்க்கும் மேலைச்சந்துத் தளபதி அண்ணன் வீரபாண்டி அவர்களே! கடனே என்று கைதட்டக் காத்திருக்கும் பெரியோர்களே! சாயாக்கடை பௌலோஸ் சேட்டன் அவர்களே! என் உயிரினும் இனிய தாய்மார்களே! மட்டாஞ்சேரி மண்ணிலே மிளகாய்க்குக் காம்பு கிள்ளித் தும்மித் தும்மியே குரல் வளர்த்த பேச்சியின் வணக்கம்!

இதே ஆண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்திரண்டு. ஓணத்தன்று வடம்வலிப் போட்டி. ஒரு பக்கம் கீழைச்சந்து, ஒரு பக்கம் மேலைச்சந்து, நடுவிலே அப்பாவிக் கயிறு. இழுத்தார்கள். இரைந்தார்கள். கயிறு அறுந்தது! கீழைச்சந்து மீன்கூடையிலே விழுந்தது. மேலைச்சந்து சாக்கடையிலே விழுந்தது. எழுந்ததும் இரு சாராரும் என்ன சொன்னார்கள்? "நாங்கதான் ஜெயிச்சோம்!"

யார் கையில் கயிறு அதிகம் என்று முழம் போட்டார்கள். வீரபாண்டி அண்ணன் முழம் நீளம். ஒச்சப்பன் அண்ணன் முழம் குட்டை. அதிலிருந்து மூண்டதய்யா போர்!

சந்தின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு. தண்ணீர்க் குழாய் கோட்டுக்கு அந்தப் பக்கம். ரேஷன் கடை இந்தப் பக்கம். கோடு போட்டது யார்? ஆண்கள்! ஊரைச் சுற்றிக் குடம் சுமந்தது யார்? நாங்கள்! அழுகிய முட்டை எறிந்தது யார்? ஆண்கள்! முட்டை வழிந்த சட்டையைத் துவைத்தது யார்? ...பாருங்கள், பின்வரிசையிலிருந்து ஓர் அண்ணன் "நானே தொவைச்சேன்" என்கிறார். வாழ்க! உங்கள் மனைவி ஊருக்குப் போயிருந்தார், எனக்குத் தெரியும். உட்காருங்கள்.

சமாதானம் பேசவில்லையா? பேசினார்கள்! பௌலோஸ் சேட்டன் கடையில் மும்முறை கூடினார்கள். முதல் முறை, வாசலைப் பார்த்து யார் உட்காருவது என்பதிலே முறிந்தது. இரண்டாம் முறை, தட்டிலே நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த ஏழு பழம்பொரி இருந்தது. இரு தரப்பும் நான்கு கேட்டது. மூன்றாம் முறை, எதிரி முதலில் பேசட்டும் என்று இருவரும் இரண்டரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. உலகத்திலேயே பேசாமல் நடந்த பேச்சுவார்த்தை அது ஒன்றுதான்!

சிரியுங்கள், சிரியுங்கள். அடுத்ததற்குச் சிரிக்க மாட்டீர்கள்.

பதினேழாம் நாள், காலை பத்து மணி. மேலைச்சந்து சந்தனமாரிக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குக் கீழைச்சந்து வழியாகத்தான் போக வேண்டும். கைவண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். கோட்டருகே காவல் நின்றது யார்? அவள் புருஷன் சங்கிலிப்பாண்டியேதான்! கம்பைக் குறுக்கே நீட்டிக்கொண்டு, "தளபதியக் கேக்காம எப்படி விடுறது?" என்றான். வலியிலே துடித்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "ஏய்! பிள்ளை என்ன, உன் தளபதியக் கேட்டுக்கிட்டா வருது?"

எதிர்க்காவலோ, "ஆள் வரலாம், அவங்க வண்டி வரக்கூடாது" என்றது. கடையிலிருந்து ஓடி வந்தார் பௌலோஸ் சேட்டன். "எந்தா இது? பிரசவத்துக்குப் பாஸ்போர்ட்டு வேணோ?"

அப்போது கீழைச்சந்திலிருந்து வந்தாள் மருத்துவச்சி சீனியம்மாள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வண்டியின் முன்கட்டையைப் பிடித்தாள். "தள்ளுங்கடி!" என்றாள். கீழைச்சந்துப் பெண்கள் இழுத்தார்கள், மேலைச்சந்துப் பெண்கள் தள்ளினோம். கம்பு பறந்தது, காவல் சிதறியது, கோடு சக்கரத்தில் ஒட்டிக்கொண்டே போயிற்று!

பெண் குழந்தை. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரித் திண்டில் உட்கார்ந்து சங்கிலிப்பாண்டி அழுதான். நாங்கள் யாரும் சமாதானம் சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

அன்று மாலை நான்காம் பேச்சுவார்த்தை. ஆண்கள் வருவதற்கு முன்னே கடையில் இருந்த எட்டு நாற்காலியிலும் நாங்கள் உட்கார்ந்துவிட்டோம். ஒச்சப்பன் அண்ணன் வந்து பார்த்தார். "பேச்சி, இது ஆம்பளைங்க பேச்சுவார்த்தை."

"அண்ணே, பேச்சுவார்த்தையில பாதி என் பேருதான். மிச்சப் பாதிய வேணா நீங்க வச்சுக்கங்க" என்றேன்.

சீனியம்மாள் மேசையைத் தட்டினாள். "முதல்ல கையில இருக்கிற முட்டையக் கீழ வைங்க. போர் நிறுத்தம்! அப்புறம் பேசலாம்." வைத்தார்கள். வீரபாண்டி அண்ணன் மெல்லக் கேட்டார்: "அப்ப... ஜெயிச்சது யாரு?"

"கயிறுதான். உங்க ரெண்டு பேருகிட்டேருந்தும் தப்பிச்சுப் போயிருச்சுல்ல!" என்றாள் சீனியம்மாள்.

சாயா ஆறுவதற்குள் சமாதானம் பேசி முடிந்தது தோழர்களே! பதினேழு நாள் ஆண்கள் அவிழ்க்காத முடிச்சு, ஒரு சாயா சூட்டிலே அவிழ்ந்தது!

இப்போது கேட்கிறேன். சற்று முன் தலைவர் ஐயா நிரந்தரச் சமாதானக் குழு என்று பதினொரு பெயர் வாசித்தார். ஒச்சப்பன் உண்டு; வீரபாண்டி உண்டு. இத்துப்போன கயிற்றை வாங்கிவந்த ராமர் அண்ணனுக்குக்கூட இடம் உண்டு! சீனியம்மாள் எங்கே? வண்டி தள்ளிய கைகள் எங்கே?

இதோ துண்டுச்சீட்டு வருகிறது: "நேரமாகிவிட்டது." ஆமாம் ஐயா, நேரமாகித்தான் விட்டது! அதைத்தான் நானும் சொல்கிறேன்!

என்ன? அடுத்த கூட்டத்தில் பரிசீலிப்பதா? அடுத்த கூட்டத்துக்குள் அடுத்த போர் வந்தால்? அடுத்த கோட்டருகே அடுத்த வண்டி நின்றால்? போர் வந்தால் பாதிச் சுமை எங்களுக்கு. அமைதி பேசினால் பாதி இடம் எங்களுக்கு! யாசகமா கேட்கிறோம்? இல்லை! சலுகையா கேட்கிறோம்? இல்லை! பதினொன்றில் ஆறு! ஆறு! ஆறு!

அடடே, தாய்மார்கள் மேடையேறுகிறார்கள். சந்தனமாரி, படி ஆடுகிறது, பிள்ளையைப் பார்த்து ஏறு! தலைவர் ஐயா பேனாவைத் திறந்துவிட்டார். எழுதுங்கள் ஐயா, முதல் பெயர் சீனியம்மாள். ஒச்சப்பன் அண்ணன் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குத் தருகிறார்! வீரபாண்டி அண்ணனும் எழுந்துவிட்டார்! அண்ணன்மாரே, அண்ணன்மாரே, யார் முதலில் எழுந்தது என்று மட்டும் தயவுசெய்து சண்டை போடாதீர்கள்!

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பொறுமையிழந்து எழுந்த என் சகோதரிகளுக்கும் நன்றி. மிச்சத்தைக் குழுவில் உட்கார்ந்து பேசிக்கொள்கிறேன். வணக்கம்!