டிராகனுக்குத் தெரிந்த ஒரே பாஷை

“அந்த டிராகன் ஏழு நாடு பறக்குதுடி. எங்க போனாலும் ஒரே பாஷைதான். நமக்கு அத்திப்பள்ளி பார்டர் தாண்டினாலே மாறுது!”

ஓசூர் கம்பெனி பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் தன் தோழியிடம் புது நாவல்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். மடியில் இன்னொரு நாவல் இருந்தது.

“அப்ப இது?”

“இது தேவல. ஒருத்தி செவ்வாய் கிரகத்துக்கு வாழப்போறா. அந்த ஊரு பாஷைய நல்லாவே கத்துக்கறா. ஆனா கோபம் வந்தா நம்ம பாஷையிலதான் கத்தறா.”

“மாமியாருக்குப் புரியுமா?”

“புரியல. ஆனா பயப்படறாங்க.”

தோழி சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

“அப்பாடா! தை மாசம் ஆனேக்கல்லுக்கு வாழப்போறேன். சோறு, தண்ணியெல்லாம் கன்னடத்துல கேட்டுக்குவேன். சண்டை எப்படிப் போடறதுன்னுதான் இத்தனை நாளா தூக்கமே வரல.”